‘வயசாயிட்டுல்லா’ என்கிற பொய்

எங்கள் ஊர்க் கிழவர்களின் கால்கள் லேசுப்பட்டவை இல்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், உப்பளத்தில் வெயில் பாராமல் உப்பு வாரிய பெண்கள். எழுபது வயதிலும் தானாக பஸ் ஏறிப் போய் மீன் வாங்கி வருகிற ஆட்கள். இவர்களில் ஒருவர் நிமோனியா என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கிறார். சளி சரியாகிவிடுகிறது. ஆனால் ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்படுகிறது. ஏன் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: “வயசாயிட்டுல்லா.”

பத்து நாளில் எவருக்கும் அவ்வளவு வயசாகாது.

2007-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சராசரி 67 வயதுள்ள, ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கவைத்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட அளவு புரதமும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்தது. இவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை. காய்ச்சலோடு, பசியில்லாமல், கஞ்சியும் ரொட்டியுமாகக் கிடக்கிற நம்ம தாத்தாவின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர் 1947-லேயே எழுதிவிட்டார். 1966-ல் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருஷ முதுமை குறைத்த உடல்திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது. இருபது வயசுக்காரனுக்கே இந்தக் கதி.

தெரிந்தும் ஏன் படுக்கவைக்கிறோம்? என் பதில் கொஞ்சம் கசப்பானது. வார்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். படுத்தே கிடந்து கால் போனால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, வயசு பதில் சொல்லிக்கொள்ளும். அதனால்தான் “படுங்க தாத்தா, எந்திரிக்காதீங்க” என்று நர்ஸ் அதட்டுகிறார், மகன் அதட்டுகிறான். நடந்து போய் மூத்திரம் பெய்யக்கூடியவருக்கும் வசதிக்காக டியூப் போட்டுவிடுகிறார்கள். இதையெல்லாம் அக்கறை என்றும் நம்புகிறோம்.

நர்ஸ்கள் குறைவு, ஒவ்வொருவரையும் நடக்கவைக்க ஆள் எங்கே என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் செய்தவரை மறுநாளே எழுப்பி நிற்கவைக்க வேண்டும் என்பது இன்று எலும்பு மருத்துவத்தின் பாலபாடம். எலும்பு உடைந்தவரே எழும்பும்போது, நெஞ்சுச் சளிக்காரர் ஏன் மல்லாந்து கிடக்க வேண்டும்? மூச்சு முட்டுகிறவர், ரத்த அழுத்தம் நிலையில்லாதவர் படுக்கட்டும். மற்றவர்கள்?

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல திட்டம். ஆனால் கால் போன பிறகு வீட்டுக்கு வருகிறவர், கால் இருக்கும்போதே வார்டுக்கு வர வேண்டாமா? 2024-ல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மருத்துவமனை திறந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து அது 600 கிலோமீட்டர்.

நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. அட்மிஷன் அன்றே ‘வீட்டில் எப்படி நடந்தார்?’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தினமும் பிரஷர் பார்ப்பதுபோல நடந்தாரா என்றும் பாருங்கள். சாப்பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள், கூடவே ஒரு முட்டையும். டிஸ்சார்ஜ் சீட்டில் சுகர் அளவுக்குக் கீழே ஒரு வரி: ‘நடந்து வந்தார், நடந்து போகிறார்.’

அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், ஏன் என்றும் அங்கேயே எழுதுங்கள். ஏனென்றால் அதன் விலையை வீட்டில்தான் கொடுக்கிறார்கள். அப்பாவைக் கக்கூஸுக்குத் தூக்கிப் போக, உப்பளத்து வேலையை விட்டு நிற்பவள் மகள்.