பெருமையை எடுத்துவந்தோம், ஊரை விட்டுவிட்டோம்

கோலார் தங்கவயலில் பிறந்து பெங்களூரில் பிழைக்கிற எங்களிடம் ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நிறுத்தவே மாட்டோம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த ஊர், பெங்களூருக்கே அதற்கப்புறம்தான் என்போம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி எங்கள் ஆட்கள் பாறை உடைத்தார்கள், எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் எடுத்தார்கள் என்போம். அயோத்திதாசரின் பௌத்தம் வேர்பிடித்த மண் என்று மேடையிலும் சொல்லுவோம். எல்லாம் உண்மை. எங்கள் தாத்தாக்களின் நுரையீரலைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

1940-களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. பாறைத்தூள் நெஞ்சில் படிந்து மூச்சை இறுக்கும் நோய். வீட்டில் தாத்தா விடிய விடிய இருமுவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று அவர் கட்டிலை வாசல் பக்கம் போட்டார்கள். தங்கவயல் குளிரில், வாசலில். அந்தப் படிப்பில்தான் நாங்கள் வெளியேறினோம்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்கப்புறம் சங்குச் சத்தம் இல்லை, ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்கவில்லை. பம்புகள் நின்றதும் அடியில் தண்ணீர் ஏறியது. 2015-இல் சென்னையில் வெள்ளம் வந்தபோது அரிசி, போர்வை எல்லாம் சேர்த்து லாரி ஏற்றி அனுப்பினோம். கேரளத்துக்கும் அனுப்பினோம். சரியான காரியம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு வந்த பேரிடர் ஒரே ராத்திரியில் வரவில்லை, டிவியிலும் காட்டவில்லை. அதனால் அது பேரிடர் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

2011 அக்டோபரில் அங்கே மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். செய்தியைப் படித்து அதிர்ந்தோம். எதற்கு அதிர்ச்சி? தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பொதுவான கழிப்பறைகளில் வளர்ந்தவர்கள்தானே நாங்கள். மலத்தை யார் அள்ளுகிறார்கள் என்று சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தவர்கள்தான் பேசாமல் இருந்தோம்.

இப்போது ஊருக்குப் போவதும் சுற்றுலா போவதுபோல் ஆகிவிட்டது. 2018-இல் கே.ஜி.எஃப். சினிமா வந்த பிறகு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் ஏறி போட்டோ எடுக்கிறோம். சமீபத்தில் போனபோது ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாமா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்று காற்று அதிகம். மூடிவைத்த தண்ணீர்க்குடத்தின் தட்டில் விரலை வைத்தால் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியது. அத்தை அதை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மாமா சிரித்தார். "இன்னா நைனா, மேட்டு மேல போட்டோ நல்லா வந்துச்சா? அது இங்கதான் தினமும் வூட்டுக்குள்ள வருது."

எனக்குப் பதில் வரவில்லை. மேட்டின் அடியில் வீடுகள் இருப்பது எங்கள் எந்தப் போட்டோவிலும் விழுவதில்லை. அப்படிக் கோணம் பார்த்து எடுப்பவர்கள் நாங்களேதான்.

இன்னும் அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். வைட்ஃபீல்டில் அவர்கள் இறங்கும் இடத்திலேயே குடியிருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சாப்பாட்டுக்கு அழைத்ததில்லை.

மாமா பழைய பிரம்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். வேலைச் சான்று, மருத்துவச் சீட்டு, லைன் வீடு சம்பந்தமான மனுக்களின் நகல்கள், எல்லாம் மடிப்பில் கிழிந்துகொண்டிருந்தன. எதை எங்கே கொடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. நாங்கள் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பிப் பிழைக்கிறவர்கள். இருபது வருஷத்தில் அந்தப் பெட்டியை ஒருவர்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் தன் பையைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் சிலர் சேர்ந்து, லைன் லைனாகப் போய் இந்தத் தாள்களைப் பிரித்து அடுக்கலாம், மார்பு டாக்டர் ஒருவரையும் அழைத்துப்போகலாம் என்று பேசியிருக்கிறோம். கீழே இறங்கி வேலை செய்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் குறைவு. அவர்கள் சொல்லுவதைப் பதிவு செய்யவும் வேண்டும். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை போகிறோம். மேட்டுப் பக்கம் போகிற வேலை இல்லை.