"சித்தி, இந்தத் திருச்சிராப்பள்ளி நம்ம திருச்சியா?"

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் அக்கா மகள் ஊஞ்சலில் உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "முதல் கர்நாடகப் போர் 1746 முதல் 1748. இரண்டாம் கர்நாடகப் போர் 1749 முதல் 1754..."

திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சித்தி, இதுல வர்ற திருச்சிராப்பள்ளி நம்ம திருச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே போயும்விட்டது. நானும் இதே ஊரில்தான் படித்தேன். இதே வருடங்களை ஒப்பித்துத்தான் மார்க் வாங்கினேன். அந்தச் சண்டையில் ஒரு தரப்புப் படை எங்கள் ஸ்ரீரங்கம் கோயில் மதிலுக்குள்ளேயே முகாம் போட்டிருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, ஒரு செய்திக்காகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

அவளுக்கு வகுப்புத் தேர்வில் 25-க்கு 11. "எனக்கு ஹிஸ்டரியே வராது சித்தி" என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள். 13 வயதில் அப்படி ஒரு தீர்ப்பு வரக்கூடாது. "புத்தகத்தை மூடு, கிளம்பு" என்றேன். ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தோம்.

புலி இல்லாத புலிவார்டு

முதலில் மெயின்கார்டு கேட். "இதை எத்தனை தடவை பார்த்திருப்பே?"

"தீபாவளிக்குத் துணி எடுக்க வர்றப்பல்லாம்."

அது கடைத்தெரு வளைவு இல்லை, கோட்டை வாசல். மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய மதிலும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்தத் தடத்திலேயே சாலை போட்டார்கள். அந்தச் சாலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் புல்வார்ட். நம் வாயில் அது புலிவார்டு ஆகிவிட்டது. மேலப்புலிவார்டு ரோட்டில் புலியைத் தேடிப் பயனில்லை. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் கோட்டைக் கொத்தளம் என்ற பொருள்தான் கிடைக்கும். மதில் போய்விட்டது, பெயரில் மட்டும் நிற்கிறது.

"அப்போ தினமும் கோட்டைச் சுவர் மேலதான் பஸ் போகுதா?" என்றாள். பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

கிளைவுக்கு அப்போது வயது 18

அடுத்து தெப்பக்குளம். கரையில் கல்லூரி விடுதியாக இருக்கும் பழைய கட்டடத்தை இன்றும் கிளைவ் பெயரைச் சொல்லித்தான் காட்டுகிறார்கள். புத்தகத்தில் ராபர்ட் கிளைவ் பெரிய தளபதி. ஆனால், 1744-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவர் 18 வயதுப் பையன். கப்பல் வழியில் பிரேசிலில் மாட்டிக்கொண்டதால் பயணத்துக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை. சம்பளம் வருடத்துக்கு 5 பவுண்டு.

"நம்ம அண்ணன் வயசுதானா!" என்றாள். அவளுடைய பெரியப்பா மகன் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். கிளைவ் ஒரு நொடியில் படத்திலிருந்து இறங்கி மனிதராகிவிட்டார். அவர் செய்த தவறுகளையும் இனி ஒரு மனிதர் செய்த தவறுகளாக அவளால் கேட்க முடியும்.

அங்கே ஒரு கம்பெனி, இங்கே ஒரு கம்பெனி

அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு அமெரிக்கப் புரட்சி வரும். அதையும் இதோடு சேர்த்துச் சொன்னேன். 1600-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. ஏழே வருடத்தில், 1607-ல், வர்ஜீனியா கம்பெனி என்ற இன்னொரு கம்பெனி அனுப்பிய கப்பல்கள் அமெரிக்கக் கரையில் ஆட்களை இறக்கின. நூறு பேருக்குக் கொஞ்சம் அதிகம். ஆண்களும் சில சிறுவர்களும்தான், பெண்கள் ஒருவர்கூட இல்லை. அந்தக் குடியிருப்புக்கு ஜேம்ஸ்டவுன் என்று பெயர்.

இந்த இரண்டு கதைக்கும் பொதுவாக ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் வைத்தேன். அவர்களுக்குச் சோறு போட்டது யார்?

ஜேம்ஸ்டவுனில் ஆரம்பத்தில் அவர்களைக் காப்பாற்றியது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பவ்ஹாட்டன் மக்கள் கொடுத்த மக்காச்சோளம். உறவு கெட்டு, அது நின்றுபோன 1609-10 குளிர்காலத்தில் பசியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் சுமார் 60 பேர்.

இங்கே? 1751-ல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி முற்றுகையில் சிக்கியிருந்தார். எதிரே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். அவர்கள் கவனத்தைத் திருப்ப கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அவருடன் போன 500 பேரில் 300 பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அங்கே அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மெக்காலே 1840-ல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. அதை நடந்த வரலாறாகச் சொல்லாமல் கதையாகவே பிள்ளைகளிடம் சொல்லலாம். கூடவே, "இந்தக் கதையால் யாருக்கு லாபம்?" என்றும் கேட்கலாம்.

வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அங்கே குடியேற வந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, இருந்தவர்களை விரட்டினார்கள். இங்கே வியாபாரத்துக்கு வந்தவர்கள் வரி வசூலைக் கையில் எடுத்துக்கொண்டு, இருந்தவர்களை ஆண்டார்கள். ஆரம்பத்தில் இரண்டு இடத்திலும் அவர்கள் அடுத்தவர் தயவில்தான் பிழைத்தார்கள். இது புரிந்த பிள்ளைக்கு, "ஆங்கிலேயர் வந்தனர், வென்றனர்" என்ற ஒரு வரி விடை போதாது.

அம்மா மண்டபத்தில் ஒரு வரைபடம்

திரும்பும்போது அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்தோம். ஈர மணலில் இரண்டு கோடு போட்டேன். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். தெற்குக் கரைக்கு அப்பால் ஒரு கல், அது மலைக்கோட்டை.

"1752-ல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் இந்தத் தீவுக்குள்ள வந்துட்டாங்க. கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்துட்டார். இப்ப பாண்டிச்சேரியிலிருந்து சாப்பாடு எப்படி வரும்?"

விரலால் வழி தேடினாள். எங்கே போனாலும் அடைப்பு. "வராது. அப்ப தோத்துடுவாங்க."

ஜூன் மாதம் அதுதான் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். தஞ்சாவூர்ப் படையிடம் போன சந்தா சாகிப் கொல்லப்பட்டார். வருடத்தைச் சொல்லாமலே அவளுக்குப் போர் புரிந்துவிட்டது. வருடம் இனி தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், இருப்பது 40 நிமிடம். ஆனால், இந்த வரைபடத்துக்கு ஐந்து நிமிடம் போதும். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் இரண்டு ஆறு வரையுங்கள். பாதிப் பிள்ளைகளைத் தீவிலும் மீதியைக் கரையிலும் நிறுத்துங்கள். அரிசி மூட்டைக்கு ஒரு ஸ்கூல் பேக். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கிளம்பும் நேரத்தில் அவள் கேட்டாள். "சித்தி, அந்தப் படையெல்லாம் இங்க இருந்தப்ப நம்ம தெருவுல இருந்தவங்க எங்க போனாங்க?"

புத்தகத்தைப் புரட்டினோம். நவாப் இருக்கிறார், டியூப்ளே இருக்கிறார், கிளைவ் இருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த ஒருவரும் இல்லை. "நீயே எழுதேன்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 1752-ல் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஒரு சிறுமி சொல்வதாக அரைப் பக்கம். ஒரு வரியை மட்டும் அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன். "சிப்பாய்கள் வருகிறார்கள் என்று அம்மா அரிசிப் பானையைக் கிணற்றடியில் புதைத்தாள், எந்த இடம் என்று எனக்கு மட்டும் தெரியும்."

இதற்கு எந்தத் தேர்விலும் மார்க் கிடையாது. ஆனால், ஹிஸ்டரி வராது என்று இப்போது அவள் சொல்வதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்திலும் உங்கள் ஊர் எங்காவது ஒளிந்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்களேன்!