மறுக்க வேண்டிய இடம்

தம் கட்சி தேரும் தலைமை தகாததெனத் தெரிந்தும் வாய் வாளாது கையுயர்த்தும் சட்டமன்ற உறுப்பினர், தமக்கு வாக்களித்த மக்களைக் கைவிட்டவரே ஆவர்.

5.2.2017 அன்று சென்னையில் கூடிய அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள், சசிகலாவைத் தம் தலைவராகத் தேர்ந்தனர். சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நயன்மன்றத் தீர்ப்பு வரவிருந்ததை அறியாதார் அங்கு எவர்? ஆயினும் ஒருமித்த முடிவென்றே அறிவித்தனர். முன்மொழிந்தவரோ முதலமைச்சர் பன்னீர்செல்வம்! அவரே 7ஆம் நாளிரவு செயலலிதா நினைவிடத்தில் அமர்ந்தெழுந்து, தம்மை வற்புறுத்தி விலகச் செய்தனர் என்றார். அவ்வுரை இரண்டு நாள் முன்னர்க் கூட்டத்திலன்றோ ஒலித்திருத்தல் வேண்டும்? 14ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மறுநாள் சசிகலா சிறை புகுந்தார். 18ஆம் நாள் எடப்பாடி பழனிச்சாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஏற்றனர். 11 பேரே மறுத்தனர்.

அவையில் மறுத்தல் அரிதே. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், கொறடா கட்டளையை மீறி வாக்களிப்பவர் உறுப்பினர் இருக்கையையே இழக்க நேரும். ஆனால் அக்கட்டளை அவை வாக்கெடுப்பைக் கட்டுமேயன்றிக் கட்சிக் கூட்டத்து வாக்கைக் கட்டாது. அமைச்சர் நாற்காலிக் கனவுதான் அங்கும் நாவைக் கட்டுகின்றது போலும்!

இனி எக்கட்சி தலைவரைத் தேரக் கூடினும், அதன் உறுப்பினர் கமுக்க வாக்கெடுப்பைக் கேட்டுப் பெறுக; தகாதவரெனக் கண்டால் எழுந்து மறுத்து, அம்மறுப்பைக் கூட்டக் குறிப்பிலும் பதியச் செய்க.