எந்த மருந்துக்கு அடங்கும் இந்தக் கிருமி?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., நுண்ணுயிரியல்

வயிற்றில் எரிச்சல் என்றால் காரம், கவலை, காலந்தவறிய உணவு என்று மூன்று காரணங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவ நூல்களும் நெடுங்காலம் ஏறத்தாழ இதையேதான் சொல்லி வந்தன. அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழுமா என்று அறிஞர்களே ஐயுற்றனர். அந்த ஐயத்தை உடைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும். இரண்டு நாளில் எதுவும் வளரவில்லையென்று தட்டுகளை எறிந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்தில், 1982 ஈஸ்டர் விடுமுறையின்போது சில தட்டுகள் எடுக்கப்படாமல் கிடந்துவிட்டன. விடுமுறை முடிந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர்.

கதை சுவையானதுதான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அந்த மந்தமான வளர்ச்சியை. செய்முறை வகுப்பில் ஈ.கோலையைத் தட்டில் பூசி, மருந்து தோய்ந்த வட்டத் தாள்களை வைத்து, மறுநாள் காலை தெளிந்த வளையத்தை அளந்து விடுகிறோம். இந்தக் கிருமி அப்படி வசப்படாது. எண்டோஸ்கோப் வழியே இரைப்பைச் சதைத் துணுக்கை எடுக்க வேண்டும். ஆக்சிஜன் ஐந்து விழுக்காடு அளவே உள்ள காற்றில், இரத்தம் கலந்த ஊடகத்தில், மூன்று முதல் ஏழு நாள் வளர்க்க வேண்டும். பிறகு மருந்தின் செறிவு படிப்படியாகக் குறைந்து செல்லும் பட்டை ஒன்றை வைத்து, வளர்ச்சி எந்த அளவில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு மேலும் சில நாட்கள் ஆகும்.

இதனால்தான் நாட்டில் பெரும்பாலும் சோதனையின்றியே சிகிச்சை தொடங்குகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் அல்லது மெட்ரோநிடசோல் என்று இரண்டு வாரம் கொடுக்கிறார்கள். இது போதுமா? 2003-இல் வெளியான ஆய்வொன்றில், சென்னை உட்படப் பல இந்திய நகரங்களின் நோயாளிகளிடம் பெற்ற 259 கிருமி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. சுமார் 78 விழுக்காடு மெட்ரோநிடசோலுக்கும், 45 விழுக்காடு கிளாரித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை. கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 விழுக்காட்டைத் தாண்டிய ஊரில் சோதிக்காமல் அதைக் கொடுக்கலாகாது என்பது பன்னாட்டு மருத்துவர்களின் நெறி. மேலும், எண்கள் நகரத்துக்கு நகரம் மாறின. அப்படியானால் செங்கற்பட்டின் எண் என்ன? மாமல்லபுரத்தின் எண் என்ன?

வயிற்றுப்போக்கு வந்தால் மெட்ரோநிடசோல் நான்கு வாங்கி, இரண்டு தின்று, மீதியை அலமாரியில் வைக்கும் பழக்கம் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்திலும் உண்டு. சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. விளைவைச் சுமப்பவள் மீன்கூடை சுமக்கும் பெண். பதினான்கு நாள் மாத்திரையைக் கடன் வாங்கித் தின்றும் எரிச்சல் திரும்பினால், "உனக்குக் காரம் ஆகாது" என்று அவளிடமே குறை காண்கிறோம்.

ஆய்வுக்கூடத் தட்டு வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. மெட்ரோநிடசோலைப் பொறுத்தவரை தட்டில் அடங்காத கிருமி வயிற்றில் அடங்குவதும் உண்டு. எல்லோருக்கும் எண்டோஸ்கோப் செய்வதும் இயலாது. ஆனால் காசநோய்க்கு இந்த வாதங்களை நாம் ஏற்கவில்லையே! 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றது அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். இன்று காசநோயாளியின் சளியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று இலவசமாகப் பார்க்க அரசுத் திட்டம் இருக்கிறது. நுரையீரலுக்கு உள்ள நியாயம் இரைப்பைக்கு ஏன் இல்லை?

நான் கேட்பது சிறிது. முதல் சிகிச்சை தோற்றவர்களுக்குக் கட்டாயச் சோதனை வேண்டும். மற்றவர்களில் ஆண்டுக்கு நூறு பேரின் மாதிரியைச் சோதித்து, மாவட்டத்தின் எண்ணை எல்லா மருத்துவர்களுக்கும் அனுப்ப வேண்டும். கிளாரித்ரோமைசின் எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றத்தை, கிருமியை வளர்க்காமலே, பி.சி.ஆர். முறையில் சில மணி நேரத்தில் கண்டறியலாம். 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. யூரியேஸ் சோதனைக்கென்று சதைத் துணுக்கை எப்படியும் எடுக்கிறார்கள். அப்போதே இன்னொன்றையும் எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும்.