வெள்ளி பாடலும் வெட்டிய ஸ்பிரிங்கும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் சுத்துக்கேணியில் என் வீட்டுக்கு ஒரு காரில் வந்தான். மெர்சிடிஸ் சி.எல்.கே. இரண்டே கதவுகள், நடுத்தூண் இல்லாத சன்னல்கள், பின்னால் சரிந்திறங்கும் கூரை. வயது இருபதைத் தாண்டிவிட்டது. சாலையோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடுத்த கணம் வேகத்தடையில் வண்டியின் வயிறு தட்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நாங்கள் நான்கு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

"ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டிட்டேன் ஐயா, பார்க்க நல்லாருக்கும்னு" என்றான்.

அன்று என்னோடு இருந்த இலக்கிய நண்பர், அவன் போன பிறகு சொன்னார்: "பணக்காரன் கழற்றிப் போட்ட செருப்பு. அதற்கு இவன் பாலிஷ் போடுகிறான்." மாணவனின் செயலும் நண்பரின் வாசகமும் இரண்டு வாரங்களாக என்னை உறுத்துகின்றன. இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. இருவருமே அந்த வண்டியைப் பார்க்கவில்லை. ஒருவர் அதில் வர்க்கத்தை மட்டும் பார்த்தார். மற்றவன் தன்னை மட்டும் பார்த்தான்.

முதலில் நண்பருக்கு. அந்தப் பையன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். ஒரு புதிய சிறிய காரின் விலையைவிடக் குறைவான பணத்துக்கு அதை வாங்கியிருக்கிறான். பத்து வருடச் சேமிப்பு அது. நாம் பழைய பதிப்புகளைத் தேடி நடைபாதைக் கடைகளில் அலைகிறோம்; பித்தளைக் கூஜாவையும் செட்டிநாட்டுத் தூணையும் வீட்டில் வைத்து அழகு பார்க்கிறோம். அதெல்லாம் ரசனை. இயந்திரம் என்றால் மட்டும் நுகர்வு வெறியா? குயவரின் கையைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள், மெக்கானிக்கின் கையைக் கண்டால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறோம். கையில் அழுக்குப் படும் வேலை தாழ்ந்தது என்ற பழைய நோய்தான் இங்கே வர்க்க விமர்சனத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது.

சுத்துக்கேணியை ஆய்வுலகம் அறிந்தது எதனால்? பிரெஞ்சு ஆய்வாளர் கசால் இங்குள்ள பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்து, 1956இல் பாரிசில் தம் அறிக்கையை வெளியிட்டார். தாழிகளோடு பொன்னணிகளும் கிடைத்தன. அந்தப் பொன் அன்றைய ஆடம்பரமில்லாமல் வேறென்ன? ஈமத்தாழியில் இருந்தால் பண்பாடு, காயலான் கடையில் இருந்தால் ஆபாசமா? ஒரு பொருளில் உறைந்திருக்கும் கைத்திறனைக் காண, அதன் முதல் உடைமையாளர் செல்வந்தர் என்பது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

'கூபே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் அதற்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். எதிரெதிராக இரண்டு வரிசை இருக்கை கொண்ட குதிரை வண்டியின் ஒரு பாதியை நீக்கி, இருவருக்கு மட்டும் செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. இருவர் பயணம் செய்யும் ரயில் அறையும் அப்படித்தான் கூபே ஆயிற்று. ஆகவே இது ஏற்கெனவே ஒருமுறை, தேர்ந்த கைகளால், வேண்டிய இடத்தில் வெட்டப்பட்ட வடிவம். அதை மறுபடியும் வெட்ட வேண்டுமா என்பதுதான் மாணவனிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ் படித்தவனுக்கு இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: இடைச்செருகல். கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் தாமே பாடிச் சேர்த்தவை என்று சொல்லப்படும் செய்யுள்களை 'வெள்ளி பாடல்' என்று நம் மரபு ஒதுக்கிவைத்தது. அவர் கம்பனைப் பகைத்தவரல்ல. கம்பனிடம் அளவு கடந்த பற்று; அந்தப் பற்றில், கம்பன் விட்ட இடத்தைத் தாம் நிரப்பலாம் என்ற துணிவு. எதிர்முனையில் உ.வே.சாமிநாதையர் இருக்கிறார். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஏடு ஏடாகத் தேடினார், ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். சிதைந்து போன இடத்தில் புள்ளி வைத்தாரே தவிர, தம் வரியை வைக்கவில்லை. அவருக்கு வெண்பா எழுத வராமல் அல்ல.

பழைய வண்டி வாங்குகிறவன் இந்த இருவரில் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் நடப்பது என்ன? சுற்றுகள் குறையக் குறையக் கம்பி விறைக்கிறது. ஷாக் அப்சார்பரோ பழைய நீளத்துக்கும் பழைய மென்மைக்கும் கணக்கிடப்பட்டது. இயங்கும் இடம் சுருங்குவதால் பள்ளம்தோறும் அடிவரை போய் இடிக்கிறது. சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் போட்டால் பள்ளத்தின் அடியை ரப்பருக்குப் பதில் உலோகம் வாங்கி வளைகிறது. சைலன்சரைக் குடைந்தால் பலம் கூடுவதாகக் காதுக்குத் தோன்றும். பெரும்பாலும் கூடுவது ஓசை மட்டுமே. வினையூக்கிப் பெட்டியைப் பிடுங்கினால் அதன் நச்சுப் புகை எங்கள் தெருப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. "என் பணம், என் வண்டி" என்ற வாதம் அங்கே முடிந்துவிடுகிறது. ஓசைக்கும் புகைக்கும் பட்டா கிடையாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மாணவனுக்கு இது தெரியாது. அந்த வேலையைச் செய்து பணம் வாங்கிய நகரத்துப் பட்டறைக்குத் தெரியாமலா இருக்கும்?

"அப்படியானால் பழைய வண்டியில் எதையுமே தொடக் கூடாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. தொட்டே ஆக வேண்டும். 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் வண்டிகள் பலவற்றில் மின்கம்பியின் மேலுறை சூட்டில் பொடியாக உதிர்ந்தது. அதை அப்படியே விடுவது பக்தியாகாது, மடமையாகும். ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட கியர் எண்ணெயை மாற்றத்தான் வேண்டும். குளிர்விப்பானின் பிளாஸ்டிக் குழாய் வெடிக்கும் முன்பே மாற்ற வேண்டும். அசல் பாகம் கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம், லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். இதெல்லாம் பதிப்புப் பணி. என் அளவுகோல் எளியது: அடுத்து வருகிறவன் திருப்பி எடுக்க முடிகிற, வண்டியை ஓடவும் நிற்கவும் வைக்கிற மாற்றம், உரை. திருப்பி எடுக்க முடியாமல் உடலை அறுக்கிற மாற்றம், இடைச்செருகல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய வண்டியின் விலை விழுகிறது. அதன் உதிரிப்பாகத்தின் விலை விழுவதில்லை. வாங்கும் பணத்துக்கு நிகரான தொகையைப் பழுதுக்கென்று கையில் வைத்திராதவன் வாங்கக் கூடாது. பதிவைப் புதுப்பிக்கும் செலவும் சிறிதல்ல: 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 80,000 ரூபாய் ஆக்கியது. ஆவணங்களையோ இருமடங்கு கவனத்தோடு படிக்க வேண்டும், குறிப்பாகப் புதுச்சேரிப் பதிவெண் என்றால். இங்கே வரி குறைவு என்பதற்காக, இந்த மண்ணை மிதித்தே இராதவர்கள் இங்கே குடியிருப்பதாகக் காட்டிச் சொகுசு வண்டிகளைப் பதிவு செய்தார்கள் என்று 2017இல் கேரளத்தில் எழுந்த வழக்குகளை நாளிதழ் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருக்கள் அவர்களுக்கு வெறும் முகவரி. இந்தப் பையனோ உண்மையாகவே இங்கே வசிக்கிறான், உண்மையாகவே இந்த வேகத்தடையில் மாட்டிக்கொள்கிறான். நண்பரின் ஏளனம் அவனுக்கு மட்டும் கிடைத்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அவனைக் கண்டிக்கும் உரிமை நமக்கு எப்போது வரும்? அவனுடைய ஆசையை மதித்த பிறகு. ரசனையைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் நாம் எள்ளி நகையாடினோம். அந்த வெற்றிடத்தில் பட்டறைக்காரர் வந்து ரம்பத்தை எடுத்தார். வெள்ளி பாடல் எது, கம்பன் பாடல் எது என்று மூன்று ஆண்டுகள் அவனுக்கு வகுப்பெடுத்தவன் நான். அந்த அறிவு தேர்வுத்தாளைத் தாண்டி அவன் கைக்கு வந்து சேரவில்லை என்றால், தோற்றது அவன் மட்டுமல்ல.

போன ஞாயிறு அவனை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அசல் ஸ்பிரிங்கு நாலும் தேடணும் ஐயா, புதுப்பேட்டை வரைக்கும் நீங்களும் வர்றீங்களா?" என்றான். வருகிறேன் என்றிருக்கிறேன். நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன், சட்டை அழுக்காகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.