வீடற்றோரும் காற்பந்தும்

வீடற்றோர்க்குச் சோறும் துணியும் அளித்தலோடு நம் கடமை தீர்ந்ததெனப் பலர் கருதுகின்றனர். பந்தொன்றும் அளித்தல் வேண்டுமென யாம் கூறின் நகைப்பர். நகைப்போர் நாகபுரியை நோக்குக. அங்கே, நம்முடையதைப் போன்றதொரு மிஷன் கல்லூரியாகிய ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டாசிரியராயிருந்த விஜய் பார்ஸே என்பார், கொட்டும் மழையில் உடைந்த வாளியொன்றை உதைத்தாடிய சேரிச் சிறுவரைக் கண்டு, 2001-ஆம் ஆண்டில் அவர்க்கெனவே பந்தயமொன்று அமைத்தார். ‘ஸ்லம் சாக்கர்’ என்னும் ஸ்தாபனம் அதனின்றே வளர்ந்தது.

2003-இல் ஆஸ்திரியா நாட்டுக் கிராத்ஸ் நகரில் வீடற்றோர் உலகக்கோப்பை தொடங்கிற்று. களத்தில் பக்கத்திற்கு நால்வரே. ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறைதான் அதில் ஆடலாம். கொடிதெனத் தோன்றும் இவ்விதியே அதன் உயிர் என்போம். ஆட்டத்திலேயே நிலைத்தலன்று, வேறொரு வாழ்வினுட் புகுதலே நோக்கம்.

தெருவில் துயில்வோனைப் பெயர் சொல்லி விளிப்பார் அரியர். களத்திலோ, பந்து வேண்டுவோன் அவன் பெயரைக் கூவியே ஆகவேண்டும். அவனும் குறித்த வேளையில் வந்தாகவேண்டும். பந்து மட்டும் வீடு கட்டித் தாராது என்பது மெய்யே. வைத்தியமும் தொழிலும் தேடித் தருவார் உடனில்லையேல் யாவும் வெறும் வேடிக்கையாம்.

அஞ்சுகிராமத்து மாணவர்காள்! வரும் கோடை விடுமுறையில் நீவிர் நடத்தும் பந்தயத்தில், கடைத்திண்ணையே வீடாகக் கொண்டார்க்கு நான்கு இடமேனும் ஒதுக்குமின். அவர்க்குக் காலணி இல்லையே என்பீராயின், நம்மவருட் பலரும் வெறுங்காலோடன்றோ ஆடுகின்றனர்!