மவுண்ட் ரோட்டில் யாருக்கு இடம்?

சென்னை மவுண்ட் ரோட்டுக்கு அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் ஜனங்கள் வாயில் பழைய பெயரும் நிற்கிறது. அந்த ரோட்டில், நடந்துபோகும் தூரத்தில், இரண்டு கட்டிடங்களின் கதையைச் சொன்னால் நகரத்தின் கதையையே சொன்ன மாதிரி.

ஒன்று, ஸ்மித் என்ற வெள்ளைக்கார மருந்து வியாபாரி 1897-ம் ஆண்டில் கட்டியது. கூர்ங்கோபுரமும் வளைவுகளும் செங்கல் வேலையுமாக எழுந்த அந்தக் கட்டிடம் பிற்பாடு பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்னொன்று 14 மாடி எல்.ஐ.சி. மாளிகை. ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கிய வேலை அது. 1956-ம் ஆண்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் தேசியமயமாக்கப்பட்டது. பொதுத்துறை ஸ்தாபனம் வேலையை முடித்து 1959 ஆகஸ்டில் திறந்தது. அன்று இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் என்று பேர் வாங்கியது. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் எதிரே நின்று, கழுத்து வலிக்க மாடியை எண்ணிவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

பழைய கட்டிடம், புதிய கட்டிடம் இரண்டுமே பொதுச் சொத்தாகிவிட்டன. சண்டைக்கு என்ன இடம் இருக்கிறது? ஆனாலும் சண்டை வந்தது. 2006-ம் ஆண்டில் எல்.ஐ.சி. நிர்வாகம் பாரத் கட்டிடத்தை இடிக்க ஆரம்பித்தது. பாழடைந்துவிட்டது, ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஹைக்கோர்ட்டுக்குப் போய் இடிப்பை நிறுத்தியது. பாதி காயம்பட்ட கட்டிடம் அதற்குப் பிறகும் ஆண்டுக் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பொதுமக்களின் பிரீமியப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனமே, தன் கையில் இருக்கும் நிலத்தை நில வியாபாரியின் கண்ணால் பார்த்தால் இதுதான் கதி.

இந்தப் பிரச்னை வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்புகின்றன. ஒரு கட்சியார் பழைய கட்டிடத்தின் தூணையும் தோரணத்தையும் வர்ணித்துக் கண்ணீர் விடுகிறார்கள். மறு கட்சியார், நகரம் வளர வேண்டாமா, ஒரு மாடியும் இரண்டு மாடியும் வைத்துக்கொண்டு இத்தனை லட்சம் ஜனங்களுக்கு எங்கே இடம் தேடுவது என்று கேட்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய கட்டிடத்தை இடித்த இடத்தில் எழும் மாடியில் யார் குடியேறுகிறார்கள் என்ற கேள்வியை இரு கட்சியாரும் கேட்பதில்லை.

மண்ணின் விலைதான் இங்கே எஜமான். 2019-ம் ஆண்டின் கட்டிட விதிகளைப் பாருங்கள். 18.30 மீட்டருக்கு மேலே போனால் அது உயரமான கட்டிடம். அகலமான ரோட்டில் இருக்கும் மனைக்கு, மனைப் பரப்பைப்போல 3.25 மடங்கு தளப்பரப்பு கட்டலாம். கூடுதல் பணம் கட்டினால் அதற்கு மேலும் கட்டலாம். இந்த விதி வந்த மறுநாளே, ஒரு மாடியோடு நிற்கும் நூற்றாண்டுக் கட்டிடம் அதன் சொந்தக்காரருக்கு நஷ்டக் கணக்காக மாறிவிடுகிறது. ஓடு ஒழுகினால் மாற்றமாட்டார். சுவரில் ஆலங்கன்று முளைத்தால் பிடுங்கமாட்டார். வாடகைக்கு இருப்பவன் தானே போகட்டும் என்று காத்திருப்பார். கடைசியில் எஞ்சினியர் வந்து 'ஆபத்தான கட்டிடம்' என்று ஒரு காகிதம் எழுதுவார். கடப்பாரை எடுக்காமலேயே ஒரு கட்டிடத்தை இடிக்கும் வித்தை இது.

சர்க்காரின் யோக்கியதை என்ன? மவுண்ட் ரோட்டிலேயே, ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த பழைய கவர்னர் மாளிகையை இடித்துவிட்டுப் புதிய சட்டமன்றக் கட்டிடம் கட்டினார்கள். 2010 மார்ச்சில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது; சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பிப் போனது. 2014-ல் அந்தப் புதுக் கட்டிடம் ஆஸ்பத்திரியாயிற்று. ஏழை ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது நல்லதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கவர்னர் மாளிகையை இடித்தபோது எந்த ஜனங்களைக் கேட்டு இடித்தார்கள்? 2012-ம் ஆண்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். நிறைவேற்றிய சட்டம் பத்தாண்டுக்கு மேல் ஏட்டிலேயே உறங்கியது. இதில் இரு கழகங்களுக்கும் பங்கு உண்டு.

கேட்காமல் இடிக்கப் பார்த்தவர்களை ஜனங்கள் தடுத்ததும் உண்டு. 2003-ம் ஆண்டில் கடற்கரையில் ராணி மேரி கல்லூரியை எடுத்துக்கொண்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் அறிவித்தது. 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. எத்தனையோ ஏழை வீட்டுப் பெண்கள் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய இடம். மாணவிகள் வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர்களும் பழைய மாணவிகளும் பொதுமக்களும் பக்கத்தில் நின்றார்கள். சர்க்கார் பின்வாங்கியது. கட்டிடக் கலை நிபுணர்களின் மகஜர் ஆயிரம் செய்யாததை, படிக்கும் பெண்களின் பிடிவாதம் செய்தது. அந்தப் பெண்கள் தூணுக்காக அங்கே உட்காரவில்லை, தங்கள் வகுப்பறைக்காக உட்கார்ந்தார்கள். தூணும் பிழைத்தது.

இதற்கு நேர்மாறான கதை பாரிமுனையில் நடந்தது. சட்டக் கல்லூரி இயங்கிய பழைய கட்டிடத்தில் மெட்ரோ ரயில் வேலையால் விரிசல் விழுந்தது என்றார்கள். 2018-ல் கல்லூரியையே பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். மாணவர்கள் போராடிப் பார்த்தார்கள். ஹைக்கோர்ட்டின் மதில் ஓரத்தில் படித்து, பகலில் வழக்கு நடப்பதைப் பார்த்துத் தொழில் கற்ற பிள்ளைகள் இன்று பஸ் பிடித்து வயல்வெளிக்குப் போகிறார்கள். கட்டிடம் தப்பிவிட்டது, படித்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை.

மூர் மார்க்கெட்டுக்கும் இதே கதிதான். 1985-ல் தீப்பிடித்து அழிந்தது. அந்த நிலத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ரயில் நிலையம் தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தினமும் லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் பழைய புஸ்தகம் விற்று, பள்ளிக்கூடம் எட்டாத பல பேரைப் படிக்கவைத்த அந்தக் கடைக்காரர்கள் அல்லிக்குளத்துப் பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். பழைய வியாபாரம் திரும்பவே இல்லை.

சில தோழர்கள் கேட்பது எனக்குத் தெரியும். “வெள்ளைக்காரன் கட்டிய கிளப்பும் கடையும் கவர்னர் மாளிகையும் இடிந்தால் நமக்கென்ன?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டியது வெள்ளைக்காரனா? பணம் நம் ஜனங்களின் வரிப்பணம்; கை நம் கொத்தனாரின் கை. மரச் சட்டத்தின் மேல் சன்னச் செங்கல்லைக் குறுக்கே அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கூரை போடும் வித்தைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே உலகம் பெயர் வைத்திருக்கிறது. 1917 நவம்பரில் மாஸ்கோச் சண்டையில் பழைய தேவாலயம் ஒன்று நொறுங்கியதாக வதந்தி கேட்டதும், புரட்சி சர்க்காரின் கல்வி மந்திரி லூனாசார்ஸ்கி ராஜிநாமாக் கடிதமே கொடுத்துவிட்டார். பிறகுதான் வாபஸ் வாங்கினார். ஜாரின் குளிர்கால அரண்மனை மக்களின் மியூசியமாயிற்று. நாஜிகள் தரைமட்டமாக்கிய வார்சாவின் பழைய நகரத்தை, சோற்றுக்கே திண்டாடிய காலத்தில் போலந்துத் தொழிலாளர்கள் கல் கல்லாகத் திரும்பக் கட்டினார்கள். 1931-ல் மாஸ்கோவில் ஒரு பெரிய தேவாலயத்தை இடித்ததும் உண்மைதான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

நம் கோபம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். எது பழம்பெருமை என்று ஜாபிதா எழுதுகிறவர் யார்? விளம்பரப் பலகை வழக்கில் ஹைக்கோர்ட் அமைத்த நீதிபதி பத்மநாபன் கமிட்டி நானூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களைக் குறித்துக் கொடுத்தது. பயனுள்ள வேலை. ஆனால் உழைப்பாளியின் சரித்திரம் நடந்த இடங்களைக் காக்க இந்த நகரத்தில் யார் முன்வந்தார்கள்? பெரம்பூர் பின்னி ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் நின்று வளர்த்த சங்கம். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ரத்தம் சிந்திய மண் அது. 1996-ல் ஆலை மூடியது. கொஞ்ச காலம் சினிமா சண்டைக் காட்சிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இப்போது அந்த நிலத்தில் அடுக்கு மாடிகள் எழுந்திருக்கின்றன. அங்கே தறி ஓட்டியவனின் பேரன் அந்த மாடியில் ஒரு வீட்டை வாங்க முடியுமா? வாசலில் காவல்காரனாக வேண்டுமானால் நிற்கலாம்.

மும்பையில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. 1991 விதிப்படி ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001-ல் 'காலி நிலத்துக்கு மட்டும்' என்று சில வார்த்தைகளைத் திருத்தினார்கள். ஏக்கர் கணக்கில் பொதுப் பங்கு சுருங்கியது. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஆமோதித்தது.

ஆகவே, உயரமே கூடாது என்று சொல்வது நம் வேலையல்ல. உழைக்கும் மக்கள் நகரத்தின் நடுவில் குடியிருக்க வேண்டுமானால் மாடி வேண்டும். இல்லையேல் என்ன நடக்கும் என்பதை 2019 டிசம்பரில் பார்த்தோம். தீவுத்திடல் அருகே, கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகரில் இருந்த சுமார் 2,000 குடும்பங்களைக் கல்வியாண்டின் நடுவில் சுமார் 25 கிலோ மீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்கும், வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கும், காலையில் நாலு மணிக்கு மீன் எடுக்கப் போகிறவளுக்கும் பெரும்பாக்கத்தில் என்ன வேலை? நகரத்தின் நடுவிலேயே கொடுத்த மாடி வீடும் சரியாக இருக்கவேண்டும். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்கென்று கட்டிய அடுக்கு மாடியில் 2021 ஆகஸ்டில் கை வைத்தால் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் நூறு வருஷம் தாங்குகிறது, நம் காண்டிராக்டரின் சிமெண்டுச் சுவர் சில வருஷம்கூடத் தாங்கவில்லை.

பழையதைச் செப்பனிட முடியாது என்பதும் பொய். சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது; தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். அதைப் பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு அரைத்துச் செப்பனிட்டு, பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தது. இந்த வேலையில் இயந்திரத்தைவிடக் கைக்கு மதிப்பு அதிகம். நூறு கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் தொழிலும் கூலியும் தருகிற வேலை. இதற்கென்று இளைஞர்களைப் பழக்கும் பள்ளிகளை சர்க்கார் நடத்தலாம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். உயரம் விற்கிற பணத்திலேயே இருக்கிறது. கூடுதல் தளத்துக்குக் கட்டிட முதலாளி கட்டும் தொகையில் ஒரு பங்கைப் பழைய கட்டிடங்களின் பராமரிப்புக்கும், இன்னொரு பங்கை நகரத்துக்குள்ளேயே தொழிலாளர் வீடுகளுக்கும் என்று சட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஜார்ஜ் டவுனில் ஒரே ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு வரி கட்டவே திணறும் சின்ன சொந்தக்காரரையும், மவுண்ட் ரோட்டில் மனை குவித்திருக்கும் கம்பெனியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சின்னவருக்குத் தன் மனையில் கட்ட முடியாத தளத்தின் உரிமையை வேறு இடத்தில் விற்றுக்கொள்ள அனுமதி கொடுக்கலாம். மும்பையில் 1995 முதல் அந்த வழி இருக்கிறது. பழைய கட்டிடங்களில் குடியிருப்போரையும் கடை வைத்திருப்போரையும் வெளியேற்றாமல் செப்பனிட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவது திட்டத்தை எழுதும் மேசையில் கட்டிடக் கம்பெனிகளின் குரல் கேட்கிறது. அங்கே கட்டிடத் தொழிலாளர் சங்கங்களும், குடிசைவாழ் மக்களின் சங்கங்களும், மாணவர்களும் தங்கள் வார்டு வாரியாக ஜாபிதா எழுதிக்கொண்டு போக வேண்டும்: எந்தக் கட்டிடம் நிற்க வேண்டும், எந்தப் பொது நிலத்தில் எத்தனை மாடித் தொழிலாளர் வீடு எழ வேண்டும் என்று. பாரத் கட்டிடத்தைச் செப்பனிட்டு நகரத்து மக்களுக்கு ஒரு பொது நூலகமாகத் திறக்க வேண்டும் என்பதை அந்த ஜாபிதாவின் முதல் வரியாகப் போடலாம். இடம் எல்.ஐ.சி.யுடையது, எல்.ஐ.சி. நம்முடையது.